மோட்டல் முதலாளி மெக்: பதினேழு ஆண்டுகள் ஒரே பாத்திரத்தில் வாழ்ந்த நோயல் கார்டன்

1981-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பிரிட்டனில் குளிர் தொடங்கிவிட்ட காலம். மாலைச் சாப்பாட்டு நேரத்தில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த இலட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரு தங்கும் விடுதி தீப்பற்றி எரிவதைப் பார்த்தன. உள்ளே இருந்தவர் அந்த விடுதியின் முதலாளியம்மா மெக். அவர் வெளியே வந்தாரா, தீயில் மாண்டாரா என்பதை அன்றைய பாகம் சொல்லவில்லை.

எரிந்தது நிஜ விடுதி இல்லை. மெக் என்று ஒருவர் பிறக்கவும் இல்லை. ஆனாலும் மக்கள் பதறிப் போனார்கள். அதற்குக் காரணம், மெக்காக நடித்தவரை நிறுவனம் வேலையை விட்டு நிறுத்திவிட்டது என்ற செய்தி அதற்கு முன்பே பத்திரிகைகளில் வந்திருந்தது. கதையில் அவரை எப்படி வெளியே அனுப்பப் போகிறார்கள் என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி.

அவர் பெயர் நோயல் கார்டன். நெருங்கியவர்களுக்கு நாலி. இன்று நம் வீடுகளில் மாலை ஆறரைக்குத் தொடங்கி இரவு பத்து வரை ஓடும் நெடுந்தொடர்களுக்கெல்லாம் முந்திய தலைமுறை அவர். ஒரு தொடரின் நாயகியாகப் பதினேழு ஆண்டுகள் ஒரு நாட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர்.

நோயல் பிறந்தது 1919 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் அன்று பிறந்ததால்தான் அந்தப் பெயர். ஊர் கிழக்கு லண்டனை ஒட்டிய ஈஸ்ட் ஹாம். தகப்பனார் வணிகக் கப்பலில் பொறியாளர். கப்பல்காரர் வீட்டில் யார் குடும்பத்தை நடத்துவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜாக்கி என்று செல்லப்பெயர் கொண்ட தாயார்தான் மகளை வளர்த்து, நடனத்துக்கும் பாட்டுக்கும் அனுப்பி, மேடையில் ஏற்றிவிட்டவர். கடைசிவரை தாயும் மகளும் பிரியவே இல்லை. நோயல் திருமணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டார். லண்டன் நாடக உலகில் பெரும் புள்ளியாக இருந்த வால் பார்னலுடன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பழக்கம் இருந்தது. அவர் ஏற்கெனவே மணமானவர். பிற்பாடு அந்த மணவாழ்க்கை முறிந்தபோது பார்னல் கைப்பிடித்தது வேறொரு பெண்ணை. நோயல் அதைப் பெரிதுபடுத்தி எங்கும் புலம்பியதாகத் தெரியவில்லை. வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்.

தொடக்கத்தில் அவர் மேடைப் பாடகி. லண்டன் நாடக அரங்குகளில் இசை நாடகங்கள், கிறிஸ்துமஸ் காலத்துப் பாண்டோமைம் நாடகங்கள் என்று ஓடிக்கொண்டிருந்தார். 1949-இல் அமெரிக்காவிலிருந்து வந்த பிரிகடூன் என்ற இசை நாடகத்தில் கலகலப்பான ஸ்காட்லாந்துப் பெண் வேடம். ஓராண்டுக்கும் மேல் ஓடிய நாடகம் அது. அந்தப் பாத்திரத்தின் பெயரும் மெக்தான். தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் லோகி பேர்ட் வண்ணப் படத்தைத் திரையில் காட்ட முயன்ற சோதனைகளில் கேமரா முன் உட்கார்ந்த பெண்ணும் நோயல்தான். பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகூட இல்லாத காலத்தில் வண்ணத்தில் தெரிந்த முகம் அவருடையது.

ஆனால் அவரை மற்ற நடிகைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது வேறொரு முடிவு. 1950-களின் நடுவில் பிரிட்டனில் அரசு நிறுவனமான பிபிசிக்குப் போட்டியாக விளம்பர வருமானத்தில் இயங்கும் ஐடிவி வரப்போகிறது என்று பேச்சு வந்தது. மேடையில் பெயர் வாங்கியிருந்த நோயல் அதை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போனார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தொலைக்காட்சித் தொழிலைப் படித்தார். கேமரா எப்படி நகர்கிறது, நிகழ்ச்சி எப்படித் தயாரிக்கப்படுகிறது, விளம்பரதாரர் எப்படி நடந்துகொள்வார் என்பதையெல்லாம் மாணவியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டு திரும்பினார். முப்பத்தைந்து வயதில், கையில் தொழில் இருக்கும்போதே, புதுத் தொழில் படிக்கப் போவது எத்தனை பேருக்கு வரும்?

1955-இல் ஐடிவி தொடங்கியபோது ஏடிவி நிறுவனத்தில் அவர் சேர்ந்தார். அடுத்த ஆண்டு நிறுவனத்தின் ஒளிபரப்பு பர்மிங்ஹாம் வட்டாரத்துக்குப் பரவியது. பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து மதிய வேளையில் லஞ்ச் பாக்ஸ் என்ற நேரடி நிகழ்ச்சியை நடத்தினார் நோயல். மூன்று இசைக்கலைஞர்கள், கொஞ்சம் பாட்டு, விருந்தினரோடு அரட்டை, நேயர்களுக்குப் பிறந்தநாள், திருமணநாள் வாழ்த்து. நம் வானொலியில் பாட்டு விருப்பமும் வாழ்த்தும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட நிகழ்ச்சி என்று உடனே புரிந்துவிடும். எட்டு ஆண்டுகள் அது ஓடியது. அந்த வட்டாரத்து மோட்டார் தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு அவர் சொந்தக்காரப் பெண் போல ஆகிவிட்டார். இடையில் 1958-இல் பிரதமர் ஹெரால்ட் மெக்மில்லனைத் தொலைக்காட்சியில் பேட்டி கண்டார். பிரிட்டிஷ் பிரதமர் ஒருவரைத் தொலைக்காட்சியில் பேட்டி கண்ட முதல் பெண் அவர்தான் என்று குறிப்பிடப்படுகிறது.

லஞ்ச் பாக்ஸ் நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் ரெக் வாட்சன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அமெரிக்காவில் இருப்பதைப் போல நாள்தோறும் ஒரு குடும்பத் தொடர் வேண்டும் என்று ஏடிவி முதலாளி லூ கிரேடிடம் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அனுமதி கிடைத்தது. ஹேசல் அடேர், பீட்டர் லிங் என்ற இரு கதாசிரியர்கள் கதையை அமைத்தார்கள். பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் கிங்ஸ் ஓக் என்று ஒரு கற்பனைக் கிராமம். அங்கே கணவனை இழந்த ஒரு பெண்மணி, கிடைத்த பணத்தில் தன் பெரிய வீட்டை மோட்டலாக்கி நடத்துகிறார். மகள் ஜில், மகன் சாண்டி. மோட்டல் என்ற சொல்லே அப்போது அங்கே பலருக்குப் புதிது. தொடரின் பெயர் கிராஸ்ரோட்ஸ், அதாவது நாற்சந்தி. முதல் பாகம் 1964 நவம்பர் 2-ஆம் தேதி ஒளிபரப்பானது. நாயகி மெக் ரிச்சர்ட்சன் வேடத்துக்கு நோயலைத் தவிர வேறு யாரையும் யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த வட்டாரத்து மக்கள் அவரை ஏற்கெனவே தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே அந்தத் தொடர் எப்படித் தயாரானது என்பதைச் சொல்லியாக வேண்டும். கேலி பேசுகிறவர்கள் மறந்துவிடுகிற பகுதி இது. வாரத்துக்கு ஐந்து பாகங்கள். கொரோனேஷன் ஸ்ட்ரீட் போன்ற தொடர்கள் வாரத்துக்கு இரண்டு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஏடிவி ஒதுக்கிய பணமோ கொஞ்சம். ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது அன்று செலவு பிடித்த காரியம். ஆகவே ஒரு பாகத்தை ஏறத்தாழ நேரடி ஒளிபரப்பு போலவே நிறுத்தாமல் பதிவு செய்தார்கள். ஒருவர் வசனத்தை மறந்தால் எதிரே நிற்பவர் சமாளிக்க வேண்டும். கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். ஆடியது அப்படியே வீடு போய்ச் சேரும். மறுபடி எடுக்க நேரமும் இல்லை, காசும் இல்லை.

விமர்சகர்களுக்கு இது அல்வா சாப்பிட்டது போல. ஆடும் சுவரையும் தடுமாறும் நடிப்பையும் வைத்தே ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். கதையும் சில நேரம் எங்கெங்கோ போனது உண்மை. மோட்டலில் பெருக்கித் துடைக்கும் ஏமி டர்ட்டல் என்ற அம்மாவை ஒரு கட்டத்தில் ரஷ்ய உளவாளி என்று சந்தேகப்பட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மெக் ஒருமுறை அபாயகரமாகக் கார் ஓட்டியதற்காகச் சிறைக்குப் போனார். மறுமணம் செய்துகொண்ட ஆள் அவருக்கு நஞ்சு வைத்துக் கொல்லப் பார்த்தான். இன்றைய நம் தொடர்களில் வராத திருப்பம் ஒன்றும் அங்கே வரவில்லை.

அந்தக் குழப்பத்துக்கு நடுவே நிலைகுலையாமல் நின்றவர் நோயல். நேரடி நிகழ்ச்சியில் எட்டு ஆண்டுகள் பழகியவர் அல்லவா? யார் எதை மறந்தாலும் அவர் கண்ணில் பதற்றம் தெரியாது. சிவந்த தலைமுடி படியாமல் இருந்ததில்லை, உடையில் மடிப்புக் கலைந்ததில்லை. ஸ்டூடியோவில் அவர் சொல் எடுபட்டது. தொழிலை நன்கு அறிந்தவர் என்பதால் விளக்கு எங்கே இருக்க வேண்டும், வசனம் எங்கே சரியில்லை என்று வெளிப்படையாகச் சொல்வார். சிலருக்கு அது பிடித்தது. சிலருக்கு அதிகாரமாகத் தெரிந்தது. ஓர் ஆண் அப்படிச் சொல்லியிருந்தால் அனுபவசாலி என்றிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கேலிக்கு அப்பால் அந்தத் தொடர் செய்த சில காரியங்கள் உண்டு. 1970-இல் மெக்கின் வளர்ப்பு மகளாக மெலனி என்ற கறுப்பினப் பெண் வந்தாள். நடித்தவர் கிளியோ சில்வெஸ்டர். பிரிட்டிஷ் தொடர்களில் கறுப்பினத்தவர் ஒருவருக்கு நிலையான பாத்திரம் கிடைத்தது அதுவே முதல் முறை. இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர்தான் அதே பர்மிங்ஹாமில் அரசியல்வாதி ஈனக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசி நாட்டையே கொந்தளிக்க வைத்திருந்தார். அப்படிப்பட்ட ஊரில், மாலை நேரத்தில், எல்லாருக்கும் பிடித்த மெக் அம்மா ஒரு கறுப்பினப் பெண்ணைத் தன் மகள் என்று வீட்டுக்குள் அழைத்து வருவது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று மகன் சாண்டியின் கதை. விபத்தில் கால்கள் செயலிழந்து அவன் சக்கர நாற்காலிக்கு வருகிறான். தொடர் அவனைச் சட்டென்று குணமாக்கிவிடவில்லை; நாற்காலியிலேயே வைத்திருந்தது. ரக்பி என்ற ஊரில், உடல் முடியாமல் தாயின் பராமரிப்பில் இருந்த நேயர் ஒருவர், இதில் காட்டுவது நிஜம்போல் இல்லை, பார்த்துக்கொள்கிற குடும்பத்தார் படும் பாடு தெரியவில்லை என்று குறை சொன்னார். ஏடிவி அவரையே ஆலோசனைக்கு வைத்துக்கொண்டது. அத்தோடு 10,000 பவுண்டு நன்கொடையும் கொடுத்தது. அந்தப் பணத்தில் 1974-இல் ரக்பியில் ஒரு திட்டம் தொடங்கியது. நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குச் சில மணி நேரம் ஓய்வு கிடைக்கும்படி பயிற்சி பெற்ற உதவியாளர் வீட்டுக்கு வருவார். பின்னர் நாடு முழுதும் பரவிய அந்த அமைப்பு தொடரின் பெயரையே தாங்கியது. படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ தகப்பனாரையோ ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்ட நம் பெண்களுக்கு அந்தச் சில மணி நேரத்தின் அருமை தெரியும். தொடரில் சாண்டியாக நடித்த ரோஜர் டோங் 1981-இல் இளம் வயதிலேயே நோயால் இறந்துபோனது தனிச் சோகம்.

1968-இல் லண்டனில் ஒளிபரப்பு உரிமை பெற்ற தேம்ஸ் நிறுவனம் கிராஸ்ரோட்ஸ் தனக்கு வேண்டாம் என்று நிறுத்தியது. நேயர்கள் விடவில்லை. கண்டனம் தெரிவித்தவர்களில் அன்றைய பிரதமர் ஹெரால்ட் வில்சனின் மனைவி மேரியும் ஒருவர். சில மாதங்களில் தொடர் திரும்பி வந்தது. ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடங்கியதால் லண்டன்காரர்கள் பல ஆண்டுகள் மற்றவர்களைவிட ஆறு மாதம் பின்தங்கியே கதை பார்த்தார்கள். பர்மிங்ஹாமிலிருந்து உறவினர் வந்தால் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

உச்சம் 1975-இல் வந்தது. மெக்குக்கும் தொழிலதிபர் ஹியூ மார்ட்டிமருக்கும் கல்யாணம். படப்பிடிப்புக்குப் பர்மிங்ஹாம் நகரின் புனித பிலிப் பேராலயத்தையே எடுத்துக்கொண்டார்கள். நோயலின் நண்பரும் நகைச்சுவைக் கலைஞருமான லாரி கிரேசன் கார் ஓட்டுநராக ஒரு காட்சியில் வந்துபோனார். வெளியே கூடிய கூட்டம் நிஜக் கூட்டம். துணை நடிகர்களுக்குக் கூலி கொடுத்து நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. மணப்பெண் கோலத்தில் வந்த நோயலைப் பார்த்து வாழ்த்தியவர்கள், உண்மை வாழ்க்கையில் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதை அறிந்தவர்கள்தான். அதே ஆண்டில் தன் வாழ்க்கை வரலாற்றையும் அவர் நூலாக வெளியிட்டார். தொடரின் முகப்பு இசை டோனி ஹேட்ச் அமைத்தது. அதைப் பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னி தன் குழுவோடு மறுபடி வாசித்து ஒலித்தட்டில் சேர்த்ததும் 1975-இல்தான். நேயர் எண்ணிக்கை ஒன்றரைக் கோடி வரை எட்டியது. டிவி டைம்ஸ் வார இதழின் வாசகர்கள் நோயலை எட்டு முறை விருதுக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

மேலிடத்துக்கு மட்டும் அந்தத் தொடர் கண்ணில் விழுந்த தூசு. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆணையம் தரம் போதாது என்று சொல்லி, பாகங்களை முதலில் ஐந்திலிருந்து நான்காகவும் 1980-இல் மூன்றாகவும் குறைக்க வைத்தது. ஏடிவியும் மாறிக்கொண்டிருந்தது. உரிமம் புதுப்பிக்கப்பட்டு 1982-இல் சென்ட்ரல் என்ற புதுப் பெயரில் இயங்கப்போகிற நேரம். பழைய முகங்களைக் குறைத்துப் புதிதாகக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் மேலே இருந்தது.

1981-ஆம் ஆண்டின் நடுவில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று நோயலுக்குச் சொல்லப்பட்டது. முடிவெடுத்தவர் நிகழ்ச்சித் தலைவர் சார்ல்ஸ் டென்டன். நோயலுக்கு அப்போது வயது 61. நிறுவனம் தொடங்கிய ஆண்டிலிருந்து இருபத்தாறு ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தவர். மனம் ஏற்கும்படியான காரணம் எதுவும் அவருக்குத் தரப்படவில்லை. ஒரு கையெழுத்தில் ஆட்குறைப்புக் கடிதம் வாங்கி, பழகிய இடத்தைவிட்டுப் பெட்டியோடு வெளியேறிய குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை.

நேயர்கள் கொதித்தார்கள். கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. முடிவு மாறவில்லை. கணக்குப் போட்ட பெரியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: நம் தொடர்களில் இனி இவருக்குப் பதில் இவர் என்று ஒரு வரி போட்டு முகத்தை மாற்றிவிடுவது போல மெக்கை மாற்ற முடியாது. மோட்டல் மெக்குடையது, கதை மெக்குடையது.

தீ விபத்துக் காட்சிக்குப் பிறகு சில நாள் நாடே மெக் இறந்துவிட்டார் என்று நினைத்தது. அடுத்த வாரம் விடை கிடைத்தது. சவுத்ஹேம்டன் துறைமுகத்தில் குயீன் எலிசபெத் 2 என்ற பெரிய கப்பலில் மெக் நிற்கிறார். பிள்ளைகளிடம் ஜில் மட்டும் மிச்சம். அவளிடம் விடைபெற்றுக்கொண்டு புது வாழ்க்கை தேடிக் கடல் கடந்து போகிறார். மெக்கைச் சாகடிக்காமல் விட்டது எழுதியவர்களின் புத்திசாலித்தனம்.

வேலை போன அந்தச் சில வாரங்களிலேயே நோயல் மேடைக்குத் திரும்பினார். லெஸ்டர் நகரில் ஜிப்சி என்ற இசை நாடகத்தில் தாய் ரோஸ் வேடம். முழு நாடகத்தையும் ஒற்றை ஆளாகத் தோளில் சுமக்க வேண்டிய பாத்திரம் அது. இருபத்தைந்து வயதுக்காரிக்கே மூச்சு வாங்கும். 1983-இல் கால் மீ மேடம் நாடகத்தோடு லண்டன் விக்டோரியா பேலஸ் அரங்குக்கு வந்தார். நீண்ட நாள் ஓடவில்லை. இதற்கிடையே வயிற்றில் புற்றுநோய் கண்டிருந்தது. அறுவை சிகிச்சை, ஓய்வு, மறுபடி ஒத்திகை என்று நாள்கள் போயின.

அதே 1983-இல் கிராஸ்ரோட்ஸ் அவரைக் கூப்பிட்டது. மகள் ஜில் மறுமணம் செய்துகொண்டு வெனிஸ் நகருக்குத் தேனிலவு போகிறாள். அங்கே தாயைச் சந்திக்கிறாள். கொஞ்ச நேரக் காட்சிதான். தன்னை வெளியே அனுப்பிய தொடருக்கு ஏன் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்கலாம். அவர் போனார். கால்வாய் ஓரத்தில் ஜில்லாக நடித்த ஜேன் ராசிங்டனும் நோயலும் நிற்கும் அந்தக் காட்சியில் இருவரும் தாயும் மகளுமாகவே தெரிவார்கள். முதல் நாள் முதல் காட்சியில் வரவேற்பு மேசைத் தொலைபேசியை எடுத்துப் பேசியதும் இதே ஜேன்தான். இருபது ஆண்டுப் பழக்கம்.

1985-இல் நோயலை மறுபடி தொடருக்குக் கொண்டுவரப் புதுத் தயாரிப்பு நிர்வாகம் ஏற்பாடு செய்தது. அதற்குள் உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஏப்ரல் 14-ஆம் தேதி பர்மிங்ஹாமில் உயிர் பிரிந்தது. வயது 65. அதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னர்தான், ஆஸ்திரேலியா திரும்பிவிட்ட ரெக் வாட்சன் உருவாக்கிய நெய்பர்ஸ் என்ற தொடர் அங்கே முதன்முதலாக ஒளிபரப்பானது. பர்மிங்ஹாமின் பழைய சினிமாக் கொட்டகையில் கற்ற தொழில், 2025 வரை ஓடிய ஒரு தொடராக நீண்டது.

மெக் இல்லாத கிராஸ்ரோட்ஸ் தட்டுத் தடுமாறி ஓடி 1988 ஏப்ரலில் நின்றது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே பெயரில் மறுபடி முயன்றார்கள், நிலைக்கவில்லை. 2023-இல் நாலி என்ற பெயரில் நோயலின் வேலை பறிபோன கதையே மூன்று பாக நாடகமாக வந்தது. எழுதியவர் ரசல் டி டேவிஸ், நோயலாக நடித்தவர் ஹெலினா போனம் கார்ட்டர். அதைப் பார்த்துத்தான் பல இளையவர்களுக்கு அப்படி ஒருவர் இருந்தார் என்பதே தெரிந்தது.

நோயல் வீடு வைத்து வாழ்ந்த ராஸ்-ஆன்-வை என்ற சிற்றூரின் புனித மேரி ஆலயத்து இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். பக்கத்திலேயே தாயார் ஜாக்கியின் கல்லறை இருக்கிறது.